பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் உண்டு

எச்1பி விசாவில் அமெரிக்கா போகும் நம் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் தருவது ஓர் இடம், வேலை பார்ப்பது வேறிடம். கன்சல்டன்சி விசா எடுக்கிறது. நடுவில் ஒரு வெண்டர். அவருக்கு அப்பால் கிளையன்ட். புராஜெக்ட் நின்றுபோனால் அந்த நஷ்டம் முழுவதும் பணியாளர் தலையில் விழுகிறது. "சட்டமே அப்படித்தான்" என்று கன்சல்டன்சி சொல்வதை அவரும் நம்பிவிடுகிறார். சட்டம் சொல்வது வேறு.

நம்பிக்கை: புராஜெக்ட் இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது.

உண்மை: விசாவுக்கு முன்பே, இன்ன வேலைக்கு இன்ன சம்பளம் தருவோம் என்று கன்சல்டன்சி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் எழுதிக் கொடுக்கிறது. எல்சிஏ என்பது அதுதான். வேலை இல்லாததால் பெஞ்சில் உட்கார வைத்தாலும் அந்தச் சம்பளத்தைத் தந்தே ஆகவேண்டும் என்பது 1998 முதல் சட்டம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு, அமெரிக்காவில் இறங்கிய 30 நாளுக்குள் சம்பளம் ஓடத் தொடங்கிவிட வேண்டும். கிளையன்ட் பணம் அனுப்பவில்லை என்பதும் காரணமாகாது. மாதம் ஒரு முறையாவது சம்பளம் கைக்கு வர வேண்டும். பணியாளர் தன் சொந்தக் காரணத்துக்காகக் கேட்டு எடுத்த விடுப்புக்கு இது பொருந்தாது. ஆகவே, பெஞ்சில் இருக்கும்போது "நானே விடுப்புக் கேட்டேன்" என்று எழுதித் தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் காகிதம் உங்கள் சம்பளத்தைப் பறித்துவிடும்.

நம்பிக்கை: விசாச் செலவைப் பணியாளர்தான் ஏற்க வேண்டும்.

உண்மை: எச்1பி விண்ணப்பத்துக்கான வக்கீல் கட்டணமும் அரசுக் கட்டணமும் முதலாளியின் தொழில் செலவு. அவற்றைப் பிடித்ததால் சம்பளம் எல்சிஏ தொகைக்குக் கீழே போனால் அது விதிமீறல். பயிற்சிக் கட்டணம் என்று அரசு வசூலிக்கும் 750 அல்லது 1,500 டாலரை எந்த வழியிலும் பணியாளரிடம் வாங்கவே கூடாது.

நம்பிக்கை: பாதியில் விலகினால் கேட்ட பணத்தைக் கட்டியாக வேண்டும்.

உண்மை: சீக்கிரம் விலகியதற்குத் தண்டனையாகப் பணம் கேட்பதைச் சட்டம் தடுக்கிறது. மாநிலச் சட்டத்துக்கு உட்பட்ட நியாயமான நஷ்ட ஈடு என்றால் அது வேறு. இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதை வக்கீல் சொல்ல வேண்டும். மிரட்டல் கடிதம் வந்ததுமே பணம் அனுப்பிவிடாதீர்கள்.

நம்பிக்கை: கன்சல்டன்சியை விட்டால் மறுநாளே விமானம் ஏற வேண்டும்.

உண்மை: 2017 ஜனவரி முதல், வேலை போனபின் 60 நாள் வரை அவகாசம் உண்டு, விசா அனுமதி அதற்குள் முடிந்தால் அதுவரை. எச்1பியில் முறையாக இருப்பவர், புதிய நிறுவனம் விண்ணப்பம் தாக்கல் செய்ததுமே அங்கே வேலை தொடங்கலாம். அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: புகார் செய்தால் விசா போய்விடும்.

உண்மை: இந்தப் பயம்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. புகார் செய்தவரைப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூஎச்-4 படிவம் அனுப்பலாம். விதிமீறல் நடந்து 12 மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். எல்சிஏ நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது கன்சல்டன்சியின் கடமை. சம்பள ரசீதான பே ஸ்டப், பெஞ்சில் வைத்த தேதியைக் காட்டும் மின்னஞ்சல் இரண்டையும் அலுவலகக் கணினியில் விடாமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.