சோக் போட்டால்தான் ஓடுகிறது!

கேள்வி: என் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மூன்று மாதம் சும்மா நின்றது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது. எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகினால் அணைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இன்ஜினுக்குப் போதிய பெட்ரோல் போகவில்லை, அல்லது வேண்டாத காற்று உள்ளே நுழைகிறது. சோக் காற்றைக் குறைப்பதால்தான் அது போட்டிருக்கும்வரை ஓடுகிறது.

முதலில் கார்புரேட்டரில் சேரும் பெட்ரோல் டியூபைக் கழற்றி, பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே ஒழுக்கு கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கூடாவிட்டால் டேங்க் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள்.

பெட்ரோல் நன்றாக வந்தால் பழுது பெரும்பாலும் மெயின் ஜெட்டில்தான். நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, 2டி ஆயிலின் பிசுக்கு அந்த ஊசித்துளையில் படிந்துவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து எடுங்கள். துளைக்குள் கம்பியை மட்டும் விடாதீர்கள். துளை அகன்றால் அந்த ஜெட் அவ்வளவுதான். பல பட்டறைகளில் அவசரத்துக்கு இதைச் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

பிறகும் அப்படியே இருந்தால் வேண்டாத காற்று நுழைவதுதான் காரணமாக இருக்கலாம்; கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

சோக் போட்டே ஓட்டிச் சமாளிக்க வேண்டாம். இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் இறுகிவிடும். சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.