இறக்கத்தில் நியூட்ரல்: ஒழிய மறுக்கும் ஒரு பொய்

"இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா பெட்ரோலே செலவாகாதுண்ணா." சேலம் சூரமங்கலத்தில் பட்டறை வைத்திருப்பவர் காதில் கோடை விடுமுறை முழுக்க விழுந்துகொண்டே இருக்கும் வாக்கியம் இது. கல்லூரிப் பையன் சொல்கிறான். சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் சொல்கிறார். போன மாதம் புதுக் கார் வாங்கிய வங்கி அதிகாரியும் சொல்கிறார். மறுத்தால், "எங்க மாமா முப்பது வருஷமா அப்படித்தான் ஓட்டுறாரு" என்று பதில் வருகிறது. அந்த மாமா உயிரோடு இருப்பது நியூட்ரலால் அல்ல, அதையும் மீறித்தான். இதைப் பொறுமையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை இதையே முழுசாகப் பேசிவிடுகிறேன்.

நமக்கு இரண்டு மலைகள் பக்கத்தில் இருக்கின்றன. ஜங்ஷனிலிருந்து ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம்; அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. நாமக்கல் பக்கம் போனால் காரவள்ளியில் தொடங்கி 70 வளைவுகளில் கொல்லிமலை. ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். எஞ்சின் திணறுகிறது, முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றுகிறார்கள், குழந்தைகளை அதட்டி உட்கார வைக்கிறார்கள். சாயங்காலம் இறங்கும்போதுதான் அந்தக் கவனம் காணாமல் போகிறது.

முதலில் பெட்ரோல் கணக்கைப் பார்ப்போம். கார்புரேட்டர் காலத்தில் இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது. கியரில் இறங்கும் வண்டியின் எஞ்சின் வேகமாகச் சுற்றும், அந்த உறிஞ்சலில் கார்புரேட்டர் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் வீணாகப் போகும். நியூட்ரலில் சில துளிகள் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. கார்களில் இன்ஜெக்‌ஷன் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் புது பைக், ஸ்கூட்டரிலும் பெரும்பாலும் அதுதான். இன்ஜெக்‌ஷன் வண்டி கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. எஞ்சினைச் சக்கரமே சுற்றிவிடுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தன் பெட்ரோலைத் தானே குடித்தாக வேண்டும். சின்னக் கார்கூட முக்கால் மணி நேர இறக்கத்தில் அரை லிட்டர் வரை குடிக்கும். ஆக, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் போடுகிறவர்தான் கூடுதலாகச் செலவழிக்கிறார். கியரில் இறங்குகிறவர் அல்ல.

காசு போனால் போகட்டும். உயிர் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பேர் உட்கார்ந்த கார் ஏறக்குறைய 1400 கிலோ. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்குச் சுமார் 1100 மீட்டர் இறங்குகிறது. அந்த எடை அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நியூட்ரல் போட்ட கணத்தில் எஞ்சின் தன் பங்கிலிருந்து விலகிவிடுகிறது. முழுச் சூடும் நான்கு சக்கரங்களில் இருக்கும் டிஸ்க், டிரம், பேட், ஷூ ஆகியவற்றின் தலையில் விழுகிறது.

சூடு ஏறஏற என்ன நடக்கும்? பேட் தன் பிடியை இழக்கும். கருகிய நாற்றம் வருவது அப்போதுதான். அதைவிட மோசம் பிரேக் ஆயில். புது டாட்-3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தரக்கணக்கு. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம். ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரிதான். ஐந்தாறு வருடம் பிரேக் ஆயிலே மாற்றாமல் வண்டிகள் பட்டறைக்கு வருகின்றன. மூடியைத் திறந்தால் தேயிலை டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சக்கரம் நிற்கும், ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். "பெடல் அப்படியே உள்ளே போயிடுச்சுண்ணா" என்று பயந்த முகத்தோடு வருகிறவர்களின் கதை இதுதான். அவர்கள் பிழைத்து வந்து சொன்னவர்கள். பிழைக்காதவர்கள் பட்டறைக்கு வந்து சொல்ல மாட்டார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறது. காரில் பிரேக் பெடலை லேசாக்குவது எஞ்சின் தரும் உறிஞ்சல். எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்துவிடும், பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், அதுவும் கொண்டை ஊசி வளைவில். ஸ்கூட்டரில் நியூட்ரலே கிடையாதே என்று நினைக்காதீர்கள். எஞ்சினை அணைத்தால் அதன் கிளட்ச் தானாக விலகிவிடுகிறது. அதுவும் நியூட்ரல்தான். மூன்று பேர் ஏறிக்கொண்டு, எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் ஏற்காடு இறங்கும் பையன்களைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது.

"கவர்மெண்ட் பஸ் டிரைவரே நியூட்ரல்லதான் இறக்குறாரு" என்று ஒரு வாதம். ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். வளைவுக்கு முன்னாலேயே கியர் குறைகிறது, இறக்கம் முழுக்க எஞ்சின் உறுமிக்கொண்டே வருகிறது. அந்த உறுமல்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஓட்டுநர்களின் திறமைக்கு நாம் கும்பிடு போட வேண்டும், அவர்கள் மேல் பொய்யைச் சுமத்தக்கூடாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். சேலமே பல நாள் அதைத்தான் பேசியது. அப்படிப் பேசியவர்களும் அடுத்த கோடையில் நியூட்ரலுக்கே திரும்பிப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நம் பையன்கள் இப்போது தாய்லாந்துக்கும் கிளம்புகிறார்கள். பாங்காக், பட்டாயா அலுத்தவர்கள் வடமேற்கு மூலையில் மியன்மார் எல்லையை ஒட்டிய மே ஹாங் சோன் மலை மாகாணத்துக்குப் போகிறார்கள். அங்கே போகும் சாலையில் 1,864 வளைவுகள் என்று எண்ணி வைத்து, ஓட்டி முடித்தவர்களுக்குச் சான்றிதழும் தருகிறார்கள். வழியில் இருக்கும் பாய் என்ற ஊரில் வாடகை ஸ்கூட்டரில் விழுந்து கைகாலில் கட்டோடு திரியும் வெளிநாட்டுக்காரர்கள் சர்வசாதாரணம். ஆனால் அந்த மலைச்சாலைகளின் இறக்கங்களில் 'குறைந்த கியரில் செல்லவும்' என்று அவர்கள் மொழியிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். ஆக, அங்கே போவதற்கு முன் இணையத்தில் சுற்றும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருக்காமல், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறி, கியரிலேயே இறங்கிப் பழகுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கியரில் இறங்கினால் எஞ்சின் தேயும் என்பது பொய். எந்த கியரில் ஏறினீர்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஏபிஎஸ் இருந்தால் பயமில்லை என்பதும் பொய். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்குமே தவிர, சூட்டைக் குறைக்காது. கொதிக்கும் பிரேக்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பு விரிசல் விடும். ஓரம் கட்டி அரை மணி நேரம் சும்மா நிறுத்தினாலே ஆறிவிடும். கரண்ட் காரில் மலை உச்சியிலேயே முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியால் பிரேக் சக்தியை வாங்கிக்கொள்ள முடியாது. குறுகலான மலைச்சாலையில் வழி கேட்டு ஹாரன் அடிக்கும் உரிமை இறங்குகிறவருக்கு இல்லை. ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதியே.  கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியில் குளித்தால் தீராத நோயும் தீரும் என்பது டாக்டர் பேச வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்தது, ஆயிரம் படி இறங்கி ஏறிய கால் நடுங்கும்போது உடனே கிளட்ச் மிதிக்கக் கூடாது என்பதுதான்.

கடைசியாக, நான் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். சேலத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் பஞ்சமில்லை. எட்டு போடச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள், லைசென்ஸ் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அடிவாரம் இத்தனை பக்கத்தில் இருந்தும், இரண்டாம் கியரில் ஒரு வளைவு இறக்கிக் காட்டிய பயிற்சியாளரை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கார் லைசென்ஸ் வாங்குகிறவர் ஒருமுறையாவது மலையிறங்கிக் காட்ட வேண்டும் என்று போக்குவரத்துத் துறை விதி போட வேண்டும். அது வரும்வரை பணம் கட்டிப் படிக்கிறவர்களே கேளுங்கள். கடைசி வகுப்பை ஏற்காட்டில் நடத்தச் சொல்லுங்கள், டீசல் காசைத் தனியாகக் கொடுத்தாவது. வேன் வாடகைக்கு எடுக்கிறவர்கள் கிளம்பும்முன் ஓட்டுநரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள், எந்த கியரில் இறக்குவீர்கள்? இரண்டாவதுக்கு நியூட்ரல் என்று பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.