இல்லாத ஒன்றை அளப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

இயற்பியல் மாணவர்களாகிய நாம் ஆய்வுக்கூடத்தில் கையில் உள்ள பொருளையே அளந்து பழகியிருக்கிறோம். கம்பியின் விட்டம், உருளையின் நீளம், குண்டின் எடை என எல்லாமே கண்முன் இருப்பவை. இல்லாத ஒரு பொருளை அளக்க வேண்டி வந்தால் என் செய்வது? பழைய டிராக்டர் ஒன்றைச் சீர்செய்ய முயன்றபோது இக்கேள்வி எனக்கு எழுந்தது. அப்போது கற்றவற்றை நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தந்தையார் ஒரு பண்ணையில் இருபத்திரண்டு ஆண்டுகள் டிராக்டர் ஓட்டியவர். பண்ணை கைமாறியபோது கூலிப் பாக்கிக்கு ஈடாக, கொட்டகையில் ஓடாமல் கிடந்த வண்டியைக் கொடுத்தார்கள். மாஸி பெர்குசன் 35 குடும்பத்தைச் சேர்ந்த வண்டி அது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் கூட்டுறவோடு செய்த வண்டிகள் நம் பக்கத்தில் பலருக்கும் பழக்கமானவை. எங்கள் வண்டியில் பல உறுப்புகள் இல்லை. எவையெவை இல்லை என்று சொல்லும் பட்டியலும் இல்லை. என்ஜினின் பெயர்ப்பலகையைக்கூட யாரோ கழற்றியிருந்தார்கள்.

பெயர்ப்பலகை இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். என்ஜின் தலைப்பகுதியைத் திறந்தபோது மூன்று சிலிண்டர்கள் இருந்தன. உள்விட்டம் 91.4 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 127 மி.மீ. வந்தன. ஒரு சிலிண்டரின் பருமன் ஏறத்தாழ 834 கன செ.மீ.; மூன்றும் சேர்ந்து 2,500. இதைக் கன அங்குலமாக்கினால் 152 சொச்சம். பெர்க்கின்ஸ் நிறுவனம் 3.152 என்று பெயரிட்ட என்ஜின் இதுவே. மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம் என்பதே அப்பெயரின் பொருள். பெயரே கணக்கின் விடையாக இருந்ததைக் கண்டு அன்று நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

அடுத்து, எது இல்லை என்பதைக் காண்போம். வண்டியில் நிறையக் காலித் துளைகள் இருந்தன. பட்டறை வைத்திருக்கும் என் மாமா, “அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போட்டதுடா, விடு” என்றார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஒரே வார்ப்பைப் பல மாதிரிகளுக்குப் பயன்படுத்துவதால் சில துளைகள் எப்போதுமே காலியாக இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். மரையின் உட்புறத்தில் பழைய பெயின்ட் படிந்திருந்தால், பெயின்ட் அடித்த நாளிலேயே அது காலி. மரை சுத்தமாக இருந்து, வாயைச் சுற்றி மட்டும் பெயின்ட் இல்லாமல் வட்டமாகத் தெரிந்தால், அங்கே ஏதோ இருந்திருக்கிறது. இப்படிப் பார்த்ததில் பதினேழு துளைகளில் ஒன்பதுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி, அத்துளைக்குரிய போல்ட்டைக் காண வேண்டும். இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம். வெர்னியர் காட்டிய விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ. எனவே கடையில் எளிதாகக் கிடைக்கும் எம் 8 போல்ட்டை வாங்கினோம். இரண்டு சுற்று நன்றாக ஏறியது, பிறகு இறுகியது. மாமா ஸ்பானரை அழுத்தினார். மரை கழன்று துளை பாழாயிற்று.

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் அங்குல மரைகளே உள்ளன. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; எம் 8 என்பது 8 மி.மீ. தேய்ந்த பழைய இரும்பில் இந்த வேறுபாடு வெர்னியருக்கு அகப்படாது. ஆனால் மரைகளின் இடைவெளி வேறு. எம் 8-க்கு 1.25 மி.மீ.; 5/16 யு.என்.சி. மரைக்கு ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டு, அதாவது 1.41 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.16 மி.மீ. பிசகு. நான்கு சுற்றில் அது அரை மரையாகிவிடுகிறது. பிறகு எப்படி ஏறும்?

முதலாண்டில் ஊசலின் ஓர் அலைவை அளக்காமல் இருபது அலைவுகளை அளந்து வகுத்தோமே, அந்த முறை இங்கே உதவிற்று. ஒரு மரையை அளக்க முடியாது; பத்து மரைகளை அளக்கலாம். பத்து மரைக்கு 12.5 மி.மீ. வந்தால் எம் 8, 14.1 வந்தால் அங்குலம். துளைக்குள் அளக்க, சோப்புக் கட்டியைக் குச்சிபோலச் சீவி உள்ளே அழுத்தித் திருகி எடுத்தால் மரையின் அச்சு அதில் பதிந்து வரும். (என் தாயார் அந்தச் சோப்புக்காகக் கோபித்துக்கொண்டது தனிக்கதை.)

சில உறுப்புகளுக்கு அளவுகோலே தேவைப்படவில்லை. தந்தையாரை இருக்கையில் உட்காரச் சொன்னேன். அவர் கண்ணை மூடியதும் வலக்கை தானாக நீண்டு, கைப்பிடி இல்லாத ஓரிடத்தில் நின்றது. வேகக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியின் இடத்தைச் சாக்பீசால் குறித்துக்கொண்டேன்.

ஓட்டத்துக்குத் தேவையான உறுப்பு இல்லையென்றால் வண்டியே சொல்லிவிடும். புகையும், ஒழுகும், நின்றுவிடும். அது இல்லாமலே வண்டி நன்றாக ஓடும் என்றால்தான் கண்டறிவது கடினம். வண்டியின் பின்புறம் பி.டி.ஓ. என்னும் தண்டு உண்டு. கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு என்ஜினின் ஆற்றலைத் தருவது அது. அதைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் மேலே இருந்த இரண்டுக்கு அடியில் மட்டும் மும்மூன்று வாஷர்கள் இருந்தன. மற்றவற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்று வாஷர்களின் மொத்தக் கனம் 6.2 மி.மீ. ஆகவே ஏறத்தாழ 6 மி.மீ. கனமுள்ள ஒரு தகட்டை யாரோ எடுத்துவிட்டு, போல்ட் நீளமாகிப்போனதால் வாஷர் அடுக்கியிருக்கிறார்கள். தண்டை மூடும் காப்புத் தகட்டைத் தவிர அது வேறு எதுவாக இருக்க முடியும்?

அந்தத் தண்டின் விட்டம் 35 மி.மீ.; சுற்றளவு சுமார் 110 மி.மீ. நியம வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. பெருக்கினால், நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியை அது சுற்றி இழுக்கும். துணி ஏற ஏறச் சுற்றளவும் பெருகுவதால் வேகம் இன்னும் கூடும். தோளில் கிடக்கும் ஒன்றரை மீட்டர் துண்டுக்கு ஒன்றரை நொடிகூட ஆகாது.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில் களத்தில் நடந்தது இதுதான். துண்டோடு தந்தையாரின் இடக்கையும் சென்றது. முழங்கை இன்றும் முழுதாக நீளாது. அஜாக்கிரதை என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். வாஷர்களைக் கழற்றி அவர் கையில் கொடுத்துக் கணக்கைச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வண்டிய என்கிட்ட குடுத்தப்பவே இது இப்படித்தான் இருந்துச்சு” என்றார்.

தகடு உட்கார்ந்திருந்த தடத்தின்மேல் செய்தித்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து வடிவத்தை எடுத்தோம். 6 மி.மீ. தகட்டில், மேலும் இருபுறமும் மூடும்படி, வெல்டிங் பட்டறையில் செய்து பொருத்தினோம். வாஷர் வைக்காமலே போல்ட் சரியாக இறுகிற்று.

ஒன்பதில் எட்டுத் துளைகளுக்குக் கணக்குச் சொல்லியாயிற்று. இடப்பக்க மட்கார்டுக்கு அடியில் ஒன்று பாக்கி இருக்கிறது. 5/16 யு.என்.சி.; மரையில் பெயின்ட் இல்லை. இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் யாரேனும் இருந்தால், அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லவும்.