கொதிக்கும் ரேடியேட்டரைத் திறக்காதீர்கள்

 

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு, கொடைக்கானல் என்று காரில் கிளம்புகிறோம். முழுச் சுமையோடும் ஏ.சி.யோடும் மலை ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகலாம். அப்போது டேஷ்போர்டில் தெர்மாமீட்டர் போன்ற விளக்கு சிவப்பாக எரியும். "இன்னும் 5 கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய், எஞ்சினையே பிரிக்க நேரிடலாம். (சில வண்டிகளில் காலையில் இது நீலமாக எரியும், எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று பொருள். பயம் வேண்டாம்.)

சிவப்பு விளக்கு எரிந்தால்:

1. ஏ.சி.யை அணையுங்கள். நிறுத்த இடம் கிடைக்கும்வரை ஹீட்டரை முழுதாக வையுங்கள். எஞ்சின் சூடு சற்றுக் குறையும்.

2. இடப்புறம் ஒதுங்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அபாய விளக்கைப் போடுங்கள். குழந்தைகளைச் சாலையிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள்.

3. ஆவி வந்தால், அது அடங்கும்வரை பானட்டைத் திறக்காதீர்கள்.

4. குறைந்தது அரைமணி நேரம், எஞ்சின் நன்றாக ஆறும்வரை, ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

நான்காவதுதான் உயிர்நாடி. ரேடியேட்டரும் பிரஷர் குக்கரைப் போன்றதே. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் விலகி, ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். விசில் அடங்காத குக்கரை நம் வீட்டில் யாரும் திறப்பதில்லையே!

ஆறிய பின் மூடியைத் துணியால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அவசரத்துக்குச் சுத்தமான தண்ணீர் போதும். ஆனால் சூடான எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் விரிசல் விழலாம். ஹோஸ் கசிவு, ஓடாத ஃபேன், பழுதான வாட்டர் பம்ப் என்று காரணம் ஏதோ இருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் சரிசெய்யாமல் நெடும்பயணம் தொடராதீர்கள். கூலன்ட் முழுதும் வடிந்துவிட்டால் முள் சரியான சூட்டைக் காட்டாமலும் போகலாம். ஆகவே முள் இறங்கியதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கூலன்ட் சற்றே இனிக்கும். ஆனால் அது நஞ்சு. மிச்சத்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். யார் மீதாவது சூடாகப் பட்டுவிட்டால் பேஸ்ட், மை எதுவும் தடவாமல், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

உடலும் உயிரும் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். பயண துஆ ஓதிப் புறப்படும் நாம், அதற்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் டேங்கின் அளவையும் பார்த்துக்கொள்வோம். தவக்குல் என்பது நம் கடமையைச் செய்துவிட்டு அவனிடம் ஒப்படைப்பதல்லவா?