பள்ளிக்கூடச் சாப்பாடு பிச்சை அல்ல



பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் பிள்ளைக்கு ஒரு பிளேன்டீயைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். பத்து மணிக்கு அந்தப் பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்து விடுகிறது. "இதுக்குப் படிப்பு ஏறாது" என்று நாமே சொல்லி விடுகிறோம். வயிறு காய்ந்தால் யாருக்குத்தான் படிப்பு ஏறும்?

பாடசாலையில் சாப்பாடு கொடுத்தாலும் சில வீடுகளில் தடை வருகிறது. "நம்ம புள்ள என்ன பிச்சையா எடுக்குது?" என்பார்கள். "யார் சமைச்சதோ?" என்றும் கேட்பார்கள். இது புதிய பேச்சு அல்ல.

வட்டுக்கோட்டை தரும் பாடம்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். ஆரம்ப காலத்தில் தங்குமிடம், சோறு, படிப்பு எல்லாமே இலவசம். ஆனாலும் மிஷன் வளவில் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் பலர் தயங்கினார்கள்.

நூறு வருஷம் கழிந்தும் அந்தத் தயக்கம் போகவில்லை. ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பள்ளியில் தரையில் உட்கார வேண்டியிருந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இதை எதிர்த்தது. அதன் முன்னோடி ஹன்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே படிப்பித்தவர். "சம ஆசனம், சம போசனம்" என்று கேட்டார்கள். அதாவது ஒரே வாங்கு, ஒரே பந்தி. எதிர்ப்புப் பலமாக இருந்தது. சில பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அப்படிப் போராடிக் கிடைத்த பந்தியில் நம் பிள்ளை உட்கார வெட்கப்படலாமா?

நாம் செய்ய வேண்டியவை

1. இலங்கையில் இந்தச் சாப்பாட்டுக்குப் பிள்ளைக்குப் பிள்ளை விண்ணப்பம் போடுவதில்லை. பாடசாலையையும் வகுப்பையும் வைத்தே கொடுக்கிறார்கள். 2024இல் அரசாங்கப் பாடசாலைகளின் 1ஆம் தரம் முதல் 5ஆம் தரம் வரை இது விரிவாக்கப்பட்டது. உங்கள் பாடசாலையில் எப்படி என்று அதிபரிடம் கேளுங்கள்.

2. பிள்ளையின் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று பிள்ளையை லயத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். அதிபரையும் கிராம உத்தியோகத்தரையும் போய்ப் பாருங்கள்.

3. பிள்ளையைத் தினமும் அனுப்புங்கள். வராத நாளில் சாப்பாடும் இல்லை, பாடமும் இல்லை.

4. சாப்பாடு தரமில்லையா, சில நாள் நிற்கிறதா? லயத்தில் முணுமுணுத்துப் பயனில்லை. பெற்றோர் கூட்டத்தில் நாலு பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

5. பல பாடசாலைகளில் பிள்ளைகளின் தாய்மாரே சமைத்துக் கொடுக்கிறார்கள். முடிந்தவர்கள் முன்வாருங்கள். யார் சமைத்தது என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

கடையில் வாங்கும் எத்தனையோ சாமானில் நாமும் வரி கட்டுகிறோம். அந்தச் சோற்றில் நம் பங்கும் இருக்கிறது.

வீட்டில் பேசிப் பார்க்க

இன்று நம் பிள்ளை என்ன சாப்பிட்டது? யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது?