குளத்தங்கரையில் ஒரு நோட்டுப் புத்தகம்



சுரக்குடி குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு குளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவ்வளவு ஆழமா வெட்டுனாங்களே, திரும்பவும் காட்டாமணக்கு மண்டிப் போச்சு" என்றார் ஒரு அக்கா. "நம்ம புள்ளைங்க செல்போனை நோண்டிக்கிட்டு சும்மாதானே கிடக்குதுங்க, அதுங்களைப் பார்க்கச் சொன்னா என்ன?" என்றார் இன்னொருவர். "புள்ளைய குளத்துப் பக்கம் அனுப்பவே எனக்குப் பயம்" என்றார் மூன்றாமவர். மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதப் பாடமாகக் குளத்தை எடுத்துக்கொண்டோம்.

2019 கோடையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் திறந்தது. காவிரியின் கடைமடையில் இருக்கும் நமக்கு அந்தத் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். அதே ஆண்டு, அப்போதைய மாவட்ட ஆட்சியர் விக்ராந்த் ராஜா அவர்கள் 'நம் நீர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நூறு நாள் வேலைப் பெண்கள், கோயில்கள், கம்பெனிகள் என்று பலரும் கைகோத்ததில் சில மாதங்களிலேயே காரைக்கால் மாவட்டத்தில் 178 குளங்கள் தூர்வாரப்பட்டன. கூடை தூக்கியதில் நம் உறுப்பினர்களும் உண்டு.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் குளம் என்பது குளிப்பதற்கும் மாடு கழுவுவதற்கும் மட்டுமல்ல. குளத்துத் தண்ணீர் பூமிக்குள் இறங்கி ஊறிக்கொண்டிருக்கும் வரை, கடலின் உப்புத் தண்ணீர் ஒதுங்கி நிற்கும். நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு உள்ளே ஏறிவிடும். அப்புறம் அடிபம்பில் அடித்தாலும் வாயில் வைக்க முடியாது.

ஆனால் தூர்வாருவது ஒரு வேலை, குளத்தை உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை. முதல் வேலையை இயந்திரம் சில நாளில் முடித்துவிட்டுப் போய்விடும். இரண்டாவது வேலைக்கு தினமும் பார்க்கிற கண்கள் வேண்டும். அந்தக் கண்கள் நம் பிள்ளைகளிடம் இருக்கின்றன.

முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். இயந்திரம் வெட்டிய குளத்தில் கரையை ஒட்டியே 'சடக்'கென்று ஆழம் இருக்கும். பழைய குளத்தில் முழங்கால் தண்ணீரில் விளையாடிய பழக்கத்தில் இறங்குகிற பிள்ளைக்கு அது தெரியாது. எனவே நாம் சொல்லும் வேலை எல்லாமே கரைமேல் நின்று செய்கிற வேலைதான். தனியாக யாரும் போகக்கூடாது. இன்னொன்று, அடுத்த முறை குளம் வெட்டும்போது ஒரு பக்கமாவது சரிவாக வெட்டச் சொல்லி நாம் கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுக்க வேண்டும். சரிவான கரையில் பிள்ளை தப்பிக்கும், மாடு இறங்கி ஏறும். மடையானும் கொக்கும் நின்று மீன் பிடிக்கவும் கால் அளவு தண்ணீர்தான் வேண்டும். நாலு பக்கமும் சுவர் மாதிரி வெட்டிய குளத்தில் தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது.

சரி, பிள்ளைகள் என்ன செய்யலாம்? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்வோம், நாலைந்து பேர் சேர்ந்து போகட்டும். தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது, என்ன நிறம், என்னென்ன பறவை, எத்தனை என்று எழுதட்டும். தாழைக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மீன்கொத்தி என்று பெயர் சொல்லிக் கொடுக்க வீட்டில் பாட்டி, தாத்தா இருக்கிறார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இதில் வேண்டாம். ஆறு மாதம் எழுதினால், தண்ணீர் எப்போது குறைகிறது, எந்த வாய்க்கால் அடைத்திருக்கிறது என்பது தானாகவே தெரியும். அந்த நோட்டோடு அதிகாரியிடம் போனால் நம் பேச்சுக்கு மதிப்பு வேறு. தீர்மானப் புத்தகம் இல்லாமல் வங்கிக்குப் போனால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

களையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கும் சரி, ஆகாயத்தாமரையும் சரி, தென் அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தவை. ஆகாயத்தாமரை இரண்டு வாரத்திற்குள் இரண்டு மடங்காகிவிடும். பத்துச் செடி இருக்கும்போது பார்த்துச் சொன்னால் பெரியவர்கள் ஒரு காலைப் பொழுதில் எடுத்துவிடலாம். குளம் மூடிய பிறகு பார்த்தால் மறுபடியும் இயந்திரம்தான், மறுபடியும் செலவுதான். காட்டாமணக்கை வெட்டி ஈரக்கரையிலேயே போடாதீர்கள், துண்டுத் தண்டும் வேர்விட்டு முளைக்கும். ஆட்டுக்கும் போடக்கூடாது, அது விஷம்.

அதேபோல் வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பைகளைக் கோலால் இழுத்து எடுக்கலாம். தொட்டியில் வளர்த்த அலங்கார மீனைக் குளத்தில் விடக்கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் விட்டாலும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் தடை செய்யப்பட்ட மீன் அது. நம் விரால், கெண்டைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

"பசங்க நாலு நாள் போவாங்க, அஞ்சாம் நாள் விட்டுடுவாங்க" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. சென்னையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கடலாமை முட்டைகளைக் காப்பாற்ற வனத்துறை நடத்திவந்த வேலை நின்றுபோனபோது, 1988-இல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து அதைக் கையில் எடுத்தார்கள். முட்டையிடும் மாதங்களில் ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடப்பார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும். நாய் தோண்டுவதற்குள் எடுத்து, பாதுகாப்பான இடத்தில் புதைத்து, ஒன்றரை மாதம், இரண்டு மாதம் காவல் இருந்து, குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுவார்கள். படிப்பு முடிந்து ஒருவர் போனால் இன்னொரு மாணவர் வருவார். 35 ஆண்டுகளைத் தாண்டியும் இந்த வேலை நடக்கிறது. நம் குழு மாதிரிதான், உறுப்பினர் மாறலாம், குழு நிற்கும்.

தமிழகத்தில் 2015 முதல் ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் நான்கு நாட்கள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினாலே போதும், யாரும் சேரலாம். நம் பிள்ளைகளின் நோட்டையும் அன்றைக்கே தொடங்கலாம். எந்தக் குளத்துக்கு யார் வீட்டுப் பிள்ளைகள், கூடப் போகிற பெரியவர் யார் என்பதை மார்கழி மாதக் கூட்டத்தில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பிரதிநிதி மூலம் கூட்டமைப்புக்கு அனுப்பிவையுங்கள்.