காலித் துப்பாக்கிப் பயிற்சி

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்த விளையாட்டில் ஆசை வைத்த பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. குண்டு போடாமல் விசையை அழுத்திப் பழகுவதை 'டிரை ஃபயர்' என்பார்கள். பத்துப் புள்ளிக்குரிய இலக்கு அரை மில்லிமீட்டர்தான். அழுத்தும்போது குழல் அசைவது இதில் தெரிந்துவிடும். ஸ்பிரிங் ஏர்கன்னில் மட்டும் வேண்டாம், பிஸ்டன் அடிபடும்.

ரயில்வேயில் மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று எழுதிக் கொடுத்தாலும், எர்த் செய்யாமல் மேல்கம்பியைத் தொடமாட்டோம். இங்கும் அப்படியே. "காலிதான் தாத்தா" என்றாலும் திறந்து பாருங்கள். குண்டு டப்பா வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். குறி, அப்பால் ஆள் நடமாட்டமில்லாத கெட்டிச் சுவர். நடுவில் ஃபோன் வந்து எழுந்து போனால், திரும்பியதும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். என் பேரன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.